கெட்டுப்போன முதல் தகடு

என் தங்கையின் போட்டோ ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதில் அவளுக்குக் கவுன் இருக்கிறது, கை இருக்கிறது, செருப்பில்லாத கால் இருக்கிறது. முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெளிறிப்போன ஒரு தீற்றல் இருக்கிறது. அவள் ஐந்து வயதில் இறந்துபோனாள். அவள் முகத்தைப் பார்த்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவன் நான் ஒருவன்தான். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. எனக்கு இதில் பயம்தான் இருந்தது.

கொடைக்கானலை ஒட்டிய செண்பகனூரில் தனியாக இருக்கிறேன். உடனே பரிதாபப்பட வேண்டாம். என் மனைவி நல்ல சுகத்தோடு ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். மகளின் பிரசவத்துக்கு என்று ஆறு மாதத்துக்குப் போனவள். குழந்தை குப்புற விழட்டும் என்றாள், தவழட்டும் என்றாள், பல் முளைக்கட்டும் என்றாள். இப்போது பேரன் ஓடுகிறான். நானும் ஒரு தடவை போய் மூன்று மாதம் இருந்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். குளிர் எனக்குப் புதிதில்லை, வாய் பேசாமல் இருப்பதுதான் புதிது. இங்கே வந்து பார்த்தால் இங்கேயும் அதே கதைதான். ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு ரோட்டில் எல்லாரும் வணக்கம் வைப்பார்கள், ஒருத்தரும் நிற்க மாட்டார்கள். நின்றால் பாடம் நடத்திவிடுவான் என்று பயம். அது நியாயமான பயம்தான்.

அந்தப் போட்டோவின் கதையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இலங்கையிலிருந்து வந்தவர்கள். ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பாவும் அம்மாவும் வேலை பார்த்தார்கள். இரண்டு அரசாங்கங்களின் ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்படும் குடும்பங்களுக்குப் பாஸ்போர்ட்டில் ஒட்டக் குடும்பத்தோடு ஒரு போட்டோ வேண்டும் என்றார்கள். டவுனிலிருந்து ஒரு போட்டோக்காரர் வந்து, காலையில் ஆள் கூட்டிப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் மூன்று கால் பெட்டியை நிறுத்தினார். அது அந்தக் காலத்திலேயே பழைய பெட்டி. கண்ணாடித் தகடு போடுவது. பின்னால் கருப்புத் துணி தொங்கும், அதற்குள் தலையை விட்டுக்கொள்வார். எங்கள் முறை வந்தபோது மேகம் இறங்கி வெளிச்சம் மங்கிவிட்டது.

"மூணு எண்ணுற மட்டும் ஒருத்தரும் அசையப்படாது. புள்ளைகளா, பொட்டிக்குள்ளருந்து குருவி வரும், அதையே பாருங்க" என்றார்.

அப்பா, அம்மா, முன்னால் எட்டு வயதில் நான், எனக்குப் பக்கத்தில் தங்கை. எனக்கு அப்போதே எதையும் நம்பாத புத்தி. அவள் காதில், "குருவி பொட்டியில இல்லடி, அந்தா பின்னால மரத்துல இருக்கு" என்றேன். அவள் நான் எதைச் சொன்னாலும் நம்புகிறவள். அவர் "ரெண்டு" என்று சொன்னபோது தலையைத் திருப்பி மரத்தைப் பார்த்தாள்.

போட்டோக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவது தகடு போட்டார். இந்தத் தடவை அம்மா, "அசையாம இருடி, எஞ் சாமி" என்று அவள் பின்னந்தலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். அது நன்றாக வந்தது. நான்கு பேருக்கும் முகம் இருந்தது. நான் அதைப் பார்த்திருக்கிறேன்.

பிரதிகளோடு அவர் திரும்பி வந்தபோது, வீட்டுக்கு எது வேண்டும் என்று கேட்டார். அந்த நாளில் எங்கள் ஜனங்களுக்கு ஒரு பயம். எந்த ஆபீசில் எந்த ஐயா எத்தனை போட்டோ கேட்பார் என்று சொல்ல முடியாது. ஒன்று குறைந்தால் கப்பலில் ஏற்ற மாட்டார்களாம். அதனால் நாங்கள் குடியிருந்த லயத்தில், அந்த வரிசை வீடுகளில், எல்லாரும் நல்ல பிரதிகளை எல்லாம் காகிதக்கட்டோடு வைத்து ஆபீசுக்கு என்று ஒதுக்கினார்கள். அப்பாவும் அதையே செய்தார். கெட்டுப்போன முதல் தகட்டின் பிரதியைப் போட்டோக்காரர் தூக்கிப் போட இருந்தார், அதை அப்பா கேட்டு வாங்கிக்கொண்டார்.

"நம்ம மூஞ்சி நமக்குத் தெரியாதா? ஆபீசுக்காரவுங்களுக்குத்தானே தெரியாது" என்றார்.

அப்பாவை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அன்றைக்கு அது புத்திசாலித்தனம். பிறகு தலைமன்னாரில் கப்பல் ஏறினோம், ராமேசுவரத்தில் இறங்கினோம், முகாமில் தங்கினோம். நல்ல போட்டோக்களெல்லாம், பாஸ்போர்ட்டில் ஒட்டியதும் சேர்த்து, ஆபீஸ் மேசைக்கு ஒன்றாகக் காகிதங்களோடு போய்விட்டன. வந்த மறுநாள் தங்கைக்குக் காய்ச்சல் கண்டது. நான்காம் நாள் அவளைக் கடற்கரை மணலில் புதைத்தோம். அங்கிருந்து மூன்று பேராக மலையேறி, ஆடலூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தோம்.

நான் படித்து அறிவியல் வாத்தியாராகிக் கூக்கால் என்ற மலைக்கிராமத்தில் முதல் வேலை பார்த்தேன். கூக்காலுக்கு அப்போது பஸ் ஆடிக்கு ஒரு தரம் அமாவாசைக்கு ஒரு தரம். சனி ஞாயிறு ஊரைவிட்டு நகர முடியாது. பள்ளிக்கூடத்துக்கு யாரோ நன்கொடையாகக் கொடுத்த மூட்டையில் போட்டோ எடுப்பது எப்படிப் பிறந்தது என்று ஒரு கனத்த ஆங்கிலப் புத்தகம் இருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுக்க அதைப் படித்தேன். அதில் வந்தவர்களின் பெயர்களைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் பாடமாகிவிடும். ஆனால் எனக்கு அவர்கள் அத்தனை பேரும் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். வேறு சொந்தக்காரர்களும் எனக்கு அதிகம் கிடையாது.

ஒரு பிரெஞ்சுக்காரர். ஈயத் தகட்டில் ஒருவகைத் தாரைப் பூசிப் பெட்டிக்குள் வைத்து, மாடி ஜன்னலில் வெளியே பார்க்க வைத்துவிட்டு நாள் முழுக்கக் காத்திருந்தார். கிடைத்தது மங்கலான கூரைகளும் சுவர்களும். சூரியன் கிழக்கிலிருந்து மேற்கே போய்விட்டதால் எதிரெதிர்ச் சுவர் இரண்டிலும் வெயில் அடிக்கிறது. உலகத்தில் எங்குமே இல்லாத ஒரு பகல் அது. அவர் செத்த பிறகு பேரெல்லாம் கூட்டாளிக்குப் போய்விட்டது. அந்தக் கூட்டாளி தன் ஜன்னலிலிருந்து பாரிஸ் தெருவை எடுத்தார். வண்டியும் குதிரையும் ஜனமுமாக இருந்த தெரு, தகட்டில் வெறிச்சோடிக் கிடக்கிறது. நகர்ந்தவர் ஒருத்தரும் விழவில்லை. செருப்புக்குப் பாலிஷ் போட ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்ற ஒருவர் மட்டும் விழுந்திருக்கிறார். மனிதன் முதன்முதலில் போட்டோவில் வந்தது பாலிஷ் போட்டுக்கொள்ள நின்றதால்தான்.

இன்னொரு பிரெஞ்சுக்காரர், தானும் இதைக் கண்டுபிடித்தேன், தன்னை ஒருவரும் மதிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு, தண்ணீரில் மூழ்கிச் செத்த பிணம் மாதிரி உட்கார்ந்து தன்னையே படம் எடுத்துக்கொண்டார். எனக்கு மிகவும் பிடித்த மனிதர். ஊதிய உயர்வு வராத காலங்களில் அவரை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். இங்கிலாந்தில் ஒரு பெரிய வீட்டுக்காரர், படம் வரையக் கை வராததால் இந்த வேலையில் இறங்கியவர். தோட்டம் முழுக்கச் சின்னச் சின்ன மரப்பெட்டிகளை வைத்துவிட்டுக் காத்திருப்பார். அவர் மனைவிக்கு அவை எலிப்பொறிகளாம். எல்லா ஊரிலும் மனைவிமார் ஒன்றுதான்.

அப்புறம் ஒரு பக்கத்தில் இருந்தது: குழந்தைகள் அசையாமல் இருக்க, அம்மாக்கள் துணியைப் போர்த்திக்கொண்டு நாற்காலி மாதிரி பின்னால் உட்கார்ந்து பிள்ளையைப் பிடித்துக்கொள்வார்களாம். அந்தப் படங்களைப் பார்த்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கள் அம்மாவும் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படம்தான் எங்களிடம் இல்லை.

அவர்களுக்கெல்லாம் முன்னால் ஒருவர் இருந்திருக்கிறார். பெரிய பீங்கான் ஆலைக்காரரின் மகன், நோயாளி, சின்ன வயதிலேயே போய்விட்டார். வெள்ளித் திராவகம் தடவிய, பதனிட்ட வெள்ளைத் தோலின்மேல் ஓர் இலையை வைத்து வெயிலில் காட்டினால் இலையின் உருவம் விழும். பிடித்துவிட்டார். ஆனால் அதை நிலையாக நிறுத்த அவருக்கு வழி தெரியவில்லை. வெளிச்சத்தில் பார்த்தால் உருவமும் சேர்ந்து கறுத்துவிடும். அதனால் மெழுகுவத்தியில் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடி வைப்பார்களாம். பார்க்கப் பார்க்க அழியும். ஹைப்போ என்ற உப்புக் கரைசலில் கழுவினால் நிற்கும் என்று கண்டுபிடிக்க இன்னொருவர் வர வேண்டியிருந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் என் குரல் ஒரு மாதிரி ஆகும். சாருக்குச் சளி என்று நினைத்துக்கொள்வார்கள்.

தங்கையின் முகம் எனக்கு அப்படித்தான் இருந்தது. சின்ன வயதில் தினமும் எடுத்துப் பார்த்தேன். ஆடலூரில் மிளகு காயப்போட்டிருக்கும் களத்தில் தனியாகக் காவல் இருக்கும்போது கண்ணை மூடினால் வந்துவிடுவாள். அப்புறம் வர நேரமானது. பிறகு கண் மட்டும் வந்தது. எடுத்துப் பார்த்தால்தான் அழிகிறது என்று தோன்றியதும் பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன். கல்யாணம், மகள், மாற்றல் என்று வருடங்கள் போயின. உள்ளே பத்திரமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவிடம் கேட்டிருக்கலாம். ஒரே ஒரு தடவை கேட்டேன். "தங்கச்சி எப்படிம்மா இருப்பா?"

"நல்லா இருப்பா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். மறுபடி கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. மரத்தில் குருவி இருக்கிறது என்று சொன்னவன் நான்தான் என்பது அம்மாவுக்குத் தெரியாது. அப்பாவுக்குப் பின்னால் சில வருடம் இருந்துவிட்டு அம்மாவும் போனாள். பெட்டியின் அடியில் சேலைகளுக்குக் கீழே அந்தப் போட்டோ கிடந்தது.

மனைவி ஆஸ்திரேலியா போன பிறகு வீட்டில் சத்தம் இல்லாமல் போயிற்று. மத்தியானம் மூன்று மணிக்கு மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து நாற்காலியில் உட்காரும், அதுதான் எனக்கு விருந்தாளி. ஒரு நாள் பால்பவுடர் டப்பாவில் ஊசித்துளை போட்டு, தபாலில் வரவழைத்த போட்டோக் காகிதத்தை உள்ளே ஒட்டி, அந்தப் பிரெஞ்சுக்காரர் மாதிரி ஜன்னலில் வைத்தேன். காலையிலிருந்து டவுன் பஸ் எத்தனை போயிற்று, கேரட் லாரி போயிற்று, பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனார்கள். நானும் ரோட்டோரத்தில் கொஞ்ச நேரம் போய் நின்றேன். கழுவிப் பார்த்தால் ரோடு, சுவர், மரம். ஆள் என்று ஒருவர் இல்லை. நான் நின்ற நேரம் போதவில்லை என்று விஞ்ஞானம் சொல்லும். எனக்கு வேறு மாதிரிப் பட்டது. அன்றைக்குத்தான் பெட்டியைத் திறந்து தங்கையின் போட்டோவை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு அவள் முகத்தைக் கூப்பிட்டேன். வரவில்லை.

மறுநாள் வெள்ளனே கொடைக்கானலுக்குப் பஸ் ஏறினேன். ஏழு ரோட்டுப் பக்கம் ஒரு ஸ்டூடியோ. கடைக்காரப் பெண்மணி போட்டோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பெரிதாக்கினார்.

"சார், இப்ப எல்லாம் ஏஐ வந்துருச்சு சார். ஃபேஸ் கிளியரா வந்துரும். டென்ஷன் ஆகாதீங்க."

ஒரு நிமிடத்தில் ஒரு முகம் வந்தது. சிவத்த கன்னம், சோப்பு விளம்பரத்துப் பிள்ளை மாதிரி. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இது யாரு வீட்டுப் புள்ள? எங்க லயத்துல இப்படி ஒரு புள்ள கெடையாதும்மா" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அதுக்கு என்ன சார் தெரியும்? நீங்க சொல்லச் சொல்ல நான் டைப் பண்றேன். ஐஸ் எப்படி இருக்கும்? நோஸ் எப்படி?"

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். அவர் ஒரு டீ வரவழைத்துக் கொடுத்தார். டீயைக் குடித்துக்கொண்டே, நெற்றி கொஞ்சம் அகலம் என்றேன். சொன்னதும் அடுத்தது வந்தது. இடது புருவம் சற்று ஏறினாற்போல இருக்கும். மூக்கு சப்பை இல்லை, நுனி உருண்டை. மேல்வரிசையில் முன் பல் ஒன்று விழுந்து ஓட்டையாக இருக்கும். அழுவதற்கு முன்னால் கீழுதட்டைப் பிதுக்குவாள், சிரிக்கும்போதும் அந்தப் பிதுக்கலில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். எங்கிருந்து வருகிறது என்று எனக்கே ஆச்சரியம். மடை திறந்த மாதிரி சொல்லிக்கொண்டே போனேன். அவர் தட்டிக்கொண்டே போனார். இல்லை, கண் இன்னும் சின்னது என்பேன். காது தெரிய வேண்டும் என்பேன். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் அவர் என்னை எழுப்பி அனுப்பவில்லை. அந்தப் பொறுமைக்கு அவர் நன்றாக இருக்க வேண்டும்.

கடைசியில் ஒரு முகம் வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் தெரிந்தது, இது என் பிள்ளை, என் ரத்தம் என்று. கடையில் ஆள் இருப்பதைக்கூடப் பார்க்காமல் அழுதேன்.

"அவதாங்க" என்றேன்.

"ஷ்யூரா சார்?"

"கூடப் பொறந்தவளைத் தெரியாதா?"

சட்டம் போட்டுக் கொண்டுவந்து கூடத்துச் சுவரில் மாட்டினேன். அதற்கடுத்த நாட்களைப் பற்றிச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. சந்தோஷமாக இருந்தேன். இந்த வீட்டில் பேச்சுக்குரல் கேட்டது. காலையில் காப்பி குடிக்கும்போது அவளிடம் பேசினேன். ஆடலூரில் பலா மரம் எவ்வளவு உயரம் என்று சொன்னேன். அம்மா கடைசியில் கஷ்டப்படாமல் போனாள் என்று சொன்னேன். குருவி விஷயத்தையும் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டு, மன்னிச்சுக்கடி என்று கேட்டுக்கொண்டேன். அந்த முகம் சிரித்துக்கொண்டிருந்தது. எனக்கு அது போதும் என்று இருந்தது. பாரம் குறைந்து நன்றாகத் தூங்கினேன்.

மகளுக்கும் மனைவிக்கும் இதைச் சொல்லவில்லை. முகத்தைக் காட்டிவிட்டுத்தான் சொல்வது என்று வைத்திருந்தேன். எனக்கு ஒரு தங்கை இருந்து செத்துப்போனாள் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கம்போல் வீடியோவில் கூப்பிட்டார்கள். பேரன் போனை நக்கி முடித்த பிறகு, "ஒண்ணு காட்டுறேன், பாருங்க" என்று சொல்லிச் சட்டத்துக்கு நேரே போனைத் திருப்பினேன்.

மகள் கூச்சல் போட்டுச் சிரித்தாள். "அய்யோ அப்பா! இது நான்ல! எங்கப்பா கெடச்சுச்சு இந்தப் போட்டோ?"

அவள் உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள்.

"அம்மா, இங்க வா, வெரசா வா. அப்பா என்ன செஞ்சு வச்சிருக்காங்கன்னு பாரு."

மனைவி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தாள். "ஆமாங்க, ஒண்ணாப்பு படிக்கையில இப்படித்தான இருந்தா. அந்த உதட்டப் பாருங்க, அழுகைக்கு முன்னாடி பிதுக்குவாளே. அந்தப் பல்லு அவ மாடிப்படியில விழுந்து போனதுல?"

பல். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஐந்து வயதுக் குழந்தைக்கு மேல்வரிசை முன் பல் தானாக விழாது. ஆறு, ஏழு ஆக வேண்டும். இதை முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். என் தங்கை சாகும்போது அவள் வாயில் எல்லாப் பால் பல்லும் இருந்தன. கடையில் உட்கார்ந்து நான் சொன்ன நெற்றியும் புருவமும் உதடும், என் மடியில் வளர்ந்து, பத்தாயிரம் தடவை நான் பார்த்துப் பார்த்து மனதில் நின்றுபோன பிள்ளையுடையவை. தங்கை இருந்த இடத்தில் எப்போது மகள் வந்து உட்கார்ந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. ஒருவேளை அத்தையும் மருமகளும் ஒரே ஜாடையோ என்று ஒரு ஆசை எழுந்தது. அப்படி இருந்திருந்தால் அம்மா பேத்தியைத் தூக்கின அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள். சொல்லாமலும் இருந்திருப்பாள். யாரிடம் போய்க் கேட்பது?

"அப்பா, லைன்ல இருக்கீங்களா? நான் இல்லாம ஒங்களுக்கு அவ்வளவு கஷ்டமா இருக்காப்பா?" என்றாள் மகள். அங்கே அவள் கீழுதடு பிதுங்கியது.

"ஆமாம்மா" என்றேன்.

"இது நான்தான?"

"நீதாம்மா" என்றேன். அது பொய் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.